பின்னால் மட்டும் போன படகு

எங்கள் மாமனாரின் நிலம் ஏரிக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. மழை கொட்டி ஏரி நிரம்பினால் வரப்புப் பாதை மூழ்கிவிடும். மோட்டார் கொட்டகையைப் பார்க்க அவர் புதுவாயல் வரை போய்ச் சுற்றிக்கொண்டு வரவேண்டும். தீபாவளிச் சாப்பாட்டின்போது இதைச் சொல்லி அவர் சலித்துக்கொண்டார். என் சகலை, அதாவது என் மனைவியின் தங்கை கணவர், கோழிக்காலை இலையில் வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"நாங்க கீறப்போ நீங்க ஏன் மாமா சுத்திக்கினு போறீங்க? பெடல் போட்ட படகு ஒண்ணு பண்ணிட்றோம்."

அந்த 'நாங்க'வில் நானும் இருக்கிறேன் என்பது பாயசம் வந்தபோதுதான் எனக்கு உறைத்தது.

நான் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் ஃபிட்டர். சகலை கட்டட வேலை எடுத்துச் செய்பவர். பழைய இரும்புக் கடையில் நான்கு நீல டிரம் வாங்கி, இரும்பு ஆங்கிளில் சட்டம் அடித்து, மேலே ஒரு பழைய சைக்கிளை நிறுத்திப் பற்றவைத்தோம். மிதிப்பதைத் தண்ணீருக்குள் இருக்கும் விசிறிக்குக் கொண்டுபோவதுதான் சிக்கல். அதற்குச் சகலை ஒரு பொருள் கொண்டுவந்தார். தளம் போடும்போது கான்கிரீட்டைக் குலுக்குவார்களே, அந்த வைப்ரேட்டரின் ரப்பர் குழாய். உள்ளே கம்பிகளை முறுக்கிச் செய்த தண்டு ஓடும். எப்படி வளைத்தாலும் சுற்றும். விசிறிக்கு, ஓடாமல் கிடந்த டேபிள் ஃபேனின் அலுமினிய இறக்கை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏரியில் இறக்கினோம். சகலை பின்னால் திசை திருப்பும் சுக்கான் கட்டையைப் பிடித்துக்கொள்ள, நான் மிதித்தேன். படகு நகர்ந்தது. பின்பக்கமாக நகர்ந்து, கரையோரம் படுத்திருந்த எருமை மேல் மோதியது. எருமை எழுந்துகூடப் போகவில்லை.

"இறக்கை தலைகீழா மாட்டிக்கிது. திருப்பிப் போட்டா சரியாப்பூடும்" என்றார் சகலை.

கழற்றித் திருப்பி மாட்டினோம். மிதித்தேன். மறுபடியும் அதே எருமை. ஃபேன் இறக்கையைக் குப்புறப் போட்டாலும் மல்லாக்கப் போட்டாலும் அது தள்ளும் பக்கம் மாறாது என்பது, இத்தனை வருஷம் ஃபிட்டராக இருந்த எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"அப்ப பெடலைப் பின்னால மிதி, சகல."

பின்னால் மிதித்தால் சைக்கிளில் வெறும் கடகட சத்தம்தான் வரும். அதனால் ஃப்ரீவீலையும் அசையாதபடி பற்றவைத்தோம். அடுத்த வாரம் படகு முன்னால் போனது! மாமனாருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வெள்ளை வேட்டியுடன் வந்து முன்னால் பலகையில் குந்திக்கொண்டார். கரையில் நாஷ்டா டப்பாவோடு என் மனைவியும் மாமியாரும். சகலை சுக்கான் பிடிக்க, நான் பின்பக்கமாக மிதிக்க, மாமனார் அவர்களுக்குக் கை ஆட்டிக்கொண்டே போனார்.

ஏரியின் பாதிக்கு மேல் போயிருப்போம். காலடியில் ரப்பர் குழாய், எலியை விழுங்கிய பாம்பு மாதிரி ஒரு இடத்தில் புடைத்தது. 'படக்' என்று ஒரு சத்தம். அப்புறம் பெடல் காற்றில் சுற்றுவதுபோல் லேசாகச் சுற்றியது. முறுக்குக்கு எதிர்ப்பக்கம் சுற்றியதால் தண்டின் கம்பி மொத்தமும் பிரிந்து கொத்தாகிவிட்டது.

"இன்னா மாப்ள, நின்னுப்பூட்ச்சி?"

"தண்டு பூட்ச்சி மாமா."

சகலை, தனக்கு நீச்சல் தெரியாது என்பதை அப்போதுதான் சொன்னார். மாமனார் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, நான் 'ஐயோ மாமா' என்று கத்துவதற்குள் தண்ணீரில் இறங்கி நின்றார். இடுப்பளவுதான் இருந்தது.

"நம்ம கரையோரம் மண்ணு எட்த்த பள்ளம்தான் மாப்ள ஆழம். இங்க ஒண்ணியும் இல்ல. நீங்க குந்துங்க."

தோள் துண்டைச் சட்டத்தில் கட்டி, இரண்டு மருமகன்களையும் இழுத்துக்கொண்டு அவர் தன் நிலத்தை நோக்கி நடந்தார். இறங்கி நடக்கலாம் என்பது எங்கள் இருவருக்குமே கரை சேரும்வரை தோன்றவில்லை. அக்கரையில் நடவு நட்டுக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்துவிட்டு, நாற்றைப் போட்டுவிட்டுச் சிரித்தார்கள்.

வீட்டில் என் மனைவி எங்கள் இருவருக்கும் தோசை போட்டாள். மூன்றாவது தோசையின்போது கேட்டாள்: "ஏங்க, அது பின்னாலதான் போவேன்னுதுன்னா, நீங்க சீட்டைத் திருப்பிப் போட்டுக்கினு குந்த வேண்டியதுதான?"

சகலை என்னைப் பார்த்தார். நான் தோசையைப் பார்த்தேன்.

சகலை வேறொரு தண்டு கொண்டுவந்தார். சீட், பெடலோடு சைக்கிளையே மொத்தமாகத் திருப்பிப் பற்றவைத்தோம். சுக்கான் கட்டை மறுமுனைக்குப் போனது. இப்போது விசிறி முன்னால் நின்று படகை இழுக்கிறது. ஆகாயத்தாமரை சிக்கினால் குனிந்து கையாலேயே எடுத்துவிடலாம். அது ஒரு வசதி. மாமனார் காலையில் தானே மிதித்துக்கொண்டு போய் மோட்டார் போட்டுவிட்டு வருகிறார். போன வாரம் மாமியாரையும் ஏற்றிக்கொண்டு போனார். நடு ஏரியில் மிதிப்பதை நிறுத்திவிட்டு இருவரும் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். தூரத்திலிருந்து பார்த்த சகலை, தண்டு மறுபடியும் போய்விட்டதென்று பயந்து ஸ்பேனரோடு கரைக்கு ஓடிவந்தார்.