ராபர்ட் வீட்டுக் கோழிக்கூண்டுக்கு ஒரு கதவு

பொழுது சாய்வதை ராபர்ட் தன் ஆயுளில் அதிகம் கவனித்ததில்லை. அது மனைவி ஜெயராணியின் பொறுப்பில் இருந்தது. சாயங்காலமானால் அவர் சட்டையை மாற்றிக்கொண்டு, சர்ச்சில் பாட்டுப் பயிற்சிக்குக் கிளம்பிவிடுவார். திரும்பி வரும்போது கடலூர் செம்மண்டலத்து வீட்டில் கோழிகள் கூண்டுக்குள் இருக்கும், கூண்டுக் கதவு சாத்தியிருக்கும். கோழிகளே சாத்திக்கொள்வதாக நினைத்தாரோ என்னவோ, ஒருநாளும் கேட்டதில்லை.

ஈஸ்டர் முடிந்த கையோடு ஜெயராணி போய்ச் சேர்ந்தாள். துக்கத்துக்கு வந்தவர்கள் ஊர் திரும்பிய மறுநாளே, பக்கத்துக் காலிமனையின் கருவேலம்புதரிலிருந்து கீரிப்பிள்ளை ஒன்று வந்து ஒரு பெட்டைக்கோழியை இழுத்துக்கொண்டு போனது. கூண்டு திறந்து கிடந்ததைப் பார்த்த பிறகுதான் இத்தனை வருஷமாகக் கதவை யார் சாத்தினார்கள் என்பது அவருக்கு உறைத்தது.

அதிலிருந்து சாயங்காலம் என்றால் ராபர்ட் கூண்டடியில்தான். பாட்டுப் பக்கம் போகவே இல்லை. அதில் அவருக்கும் பெரிய வருத்தமில்லை, தொண்டையில் எதுவும் வருகிற மாதிரி இல்லை. கிறிஸ்துமஸ் பாட்டுக்கு ஆள் சேர்த்தபோது பாடகர் குழுவின் தலைவர் ராஜவேல் வீடு தேடி வந்தார். குழந்தை இயேசுவைப் பார்க்க நட்சத்திரத்தைப் பின்தொடர்ந்து வந்த மூன்று சாஸ்திரிகளில் கனத்த குரல்காரருக்கான தனிப்பாட்டை ராபர்ட்தான் பாட வேண்டும் என்றார். ராபர்ட் சரி என்று சொன்னதில் ராபர்ட்டுக்கே ஆச்சரியம்.

ஆனால் பயிற்சி ஐந்தரைக்கு. கோழி அடைகிற நேரமும் அதேதான். ஐந்து மணிக்கே உள்ளே தள்ளிப் பார்த்தார். நாட்டுக்கோழியாயிற்றே, முருங்கை மரத்தில் ஏறிக்கொண்டு அவரைக் குனிந்து பார்த்தன. முதல் பயிற்சிக்கு அவர் போய்ச் சேர்ந்தபோது முடிவு ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இரண்டாம் நாள் அதுவும் முடிந்து எல்லோரும் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்கள். இன்னொரு முறை இப்படி ஆனால் பாட்டை வேறு ஆளுக்குக் கொடுக்க வேண்டியிருக்கும் என்று ராஜவேல் மெதுவாகத்தான் சொன்னார். ராபர்ட் அன்றிரவே மகள் வீட்டுக்குப் போன் போட்டார்.

மகள் சிந்துஜா சிதம்பரத்தில் இருக்கிறாள். மருமகன் ஜெயப்பிரகாஷ் அங்கே மேலவீதியில் செல்போன் கடை வைத்திருப்பவன். கோழிக்கூண்டுக்குத் தானாகத் திறந்து மூடும் கதவு வந்திருக்கிறது என்று அவன்தான் சொன்னான். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ராபர்ட் சிதம்பரம் பஸ் ஏறினார். கடையில் உட்கார்ந்து மாமனாரும் மருமகனும் பெண் பார்ப்பதுபோல இணையத்தில் கதவுகளைப் பார்த்தார்கள்.

செல்போனிலிருந்து இயக்குவது ஒன்று இருந்தது. கூண்டு மூடியதும் செய்தி அனுப்புமாம். கோழியிடமிருந்து செய்தி வாங்குகிற நிலைமைக்கு நான் இன்னும் வரவில்லை என்று அதைத் தள்ளினார். கடிகாரம் வைத்து மூடுவது இன்னொன்று. விலையும் குறைவு, ஜெயப்பிரகாஷுக்கும் அதுதான் பிடித்திருந்தது. ராபர்ட் ஒரேயடியாக மறுத்துவிட்டார். கடலூர் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர்.

"காலம்பூரா டைம் எழுதுனவன் நானு. எழுதுன டைமுக்கு ஒரு பஸ் வந்து நான் பாத்ததில்ல. வெளிச்சத்த நம்பலாம் மாப்ளே. அது ஆண்டவர் குடுத்தது."

அப்படியாக, விடிந்தால் திறந்து இருட்டினால் மூடுகிற வெளிச்சக் கதவு வீட்டுக்கு வந்தது. நடுவில் கோழி நின்றால் நசுக்காமல் நின்றுவிடும் என்றார்கள். ராபர்ட் தன் கையை வைத்துச் சோதித்தார், நின்றது. நவம்பர் கடைசி வாரம் முழுக்கக் கதவு சொன்னபடி கேட்டது. ராபர்ட் பயிற்சிக்கு நேரத்தோடு போனார். தொண்டையும் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தது.

டிசம்பர் முதல் தேதி, எல்லா வருஷமும் ஜெயராணி செய்வதுபோல, வாசலில் பெரிய காகித ஸ்டார் கட்டி உள்ளே பல்பு போட்டார். அவள் கட்டுகிற அதே கம்பியில், அவள் ஏற்றுகிற மாதிரியே இருட்டும் முன்னால் ஏற்றிவிட்டு, நிம்மதியாகப் பாடப் போனார்.

திரும்பியபோது வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுப் பக்கத்து வீட்டு விருத்தாம்பாள் உட்கார்ந்திருந்தாள். கையில் துணி காயப்போடும் கொம்பு. கூண்டுக் கதவு அகலத் திறந்திருக்க, கோழிகள் ஸ்டார் வெளிச்சத்தில் மும்முரமாக மேய்ந்துகொண்டிருந்தன. சேவல் கூவியது.

"ராவு சோத்துக்கு ஒக்காந்தா சேவல் கூவுது. என்னாடான்னு வந்து பாத்தா கீரிப்புள்ள மதில்மேல குந்திக்கினு இருக்குது. ஒங்க கோழியால எனக்கு ரெண்டு சீரியலு போச்சு அண்ணே."

ராபர்ட் கதவைத் திட்டினார். விருத்தாம்பாள் விடவில்லை.

"கதவு என்னா பண்ணும். ஜெயராணி இருந்தவரைக்கும் ஒங்களுக்கு எல்லாமே ஆட்டோமேட்டிக்தான்."

சொன்ன பிறகு அவளே கொம்பைச் சுவரில் சாத்திவிட்டு, வேறு பக்கம் பார்த்தபடி கோழிகளை ஒவ்வொன்றாகப் பிடித்து உள்ளே விட்டாள்.

சேதி கேட்ட ஜெயப்பிரகாஷ் போனில் வெகுநேரம் சிரித்தான். சாஸ்திரிகளுக்கு அப்புறம் நட்சத்திரத்தை இவ்வளவு நம்பினது உங்க கோழிங்கதான் மாமா என்றான். பிறகு வழியும் சொன்னான்: ஸ்டாரை அணைத்துவிட்டுப் போங்கள், வந்து ஏற்றிக்கொள்ளுங்கள். ராபர்ட் அப்படியே செய்தார். இருட்டியதும் கதவு மூடியது. பயிற்சியிலிருந்து வந்து ஸ்டாரை ஏற்றினார். விடிந்துவிட்டது என்று கதவு திறந்தது. கோழிகள் தூக்கக் கலக்கத்தோடு வரிசையாக வெளியே வந்தன.

கதவில் வெளிச்சம் பார்க்கும் கண்ணின்மேல் கறுப்பு டேப் ஒட்டினார். விடிந்து வெயில் ஏறியும் கதவு அசையவில்லை, உள்ளே ஒரே கூச்சல். ஸ்டாரைப் பின்பக்கம் கட்டினார். அங்கே அதைப் பார்க்க ஆளில்லை, கருவேலம்புதர்தான் இருந்தது. வாசலும் கூண்டும் ஒட்டினாற்போல இருக்கிற சின்ன வீடு. வேறு இடமில்லை.

அடுத்த பயிற்சியில் யார் யார் எதைப் பாடுவது என்று முடிவாகிவிடும். ஒன்று, பாட்டை விட்டுவிட்டு வீட்டிலேயே இருந்து கோழி அடைக்க வேண்டும். இல்லை, இந்த வருஷம் ஸ்டார் வேண்டாம் என்று விட வேண்டும். அன்று மத்தியானம் ஏணி போட்டு ஸ்டாரைக் கழற்றினார். கழற்றியதை எங்கே வைப்பதென்று தெரியாமல் இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு படியில் நின்றார்.

மதிலுக்கு அந்தப் பக்கம் துணி மடித்துக்கொண்டிருந்த விருத்தாம்பாள், "இங்க குடுங்க," என்றாள்.

"எதுக்கு?"

"எங்க வாசல்ல மாட்டிக்கிறேன். கார்த்திகை வெளக்கெல்லாம் இப்பத்தான் எடுத்து வெச்சேன், ஆணி சும்மாத்தான் கெடக்குது."

ஊரில் என்ன பேசுவார்களோ என்று ராபர்ட் தயங்கினார். பேசினால் பேசட்டும், கேட்டு வருகிறவர்களுக்கு உங்கள் வீட்டு கேக்கில் ஒரு துண்டு கொடுத்து அனுப்புகிறேன் என்றாள். கேக் செய்ய இந்த வருஷம் ஆளில்லை என்பது இருவருக்கும் ஒரே சமயத்தில் நினைவு வந்திருக்க வேண்டும். பிறகு அவள், பல்பு எரிகிறதா என்று இங்கேயே போட்டுப் பார்த்துக் கொடுங்கள், அப்புறம் என் தலையில் பழி விழக் கூடாது என்றாள்.

சாயங்காலம் ஸ்டார் அந்த வீட்டு வாசலில், தெருவே பார்க்கும்படி எரிந்தது. நடுவில் மதில் இருந்ததால் கூண்டுப் பக்கம் நிழல். ராபர்ட் கிளம்பும்போது கோழிகள் ஒவ்வொன்றாக உள்ளே போய்க்கொண்டிருந்தன.

சர்ச்சில் அவருடைய முறை வந்தது. ஆர்மோனியம் எடுத்துக் கொடுக்க, பாடத் தொடங்கினார். ஜன்னலுக்கு வெளியே நன்றாக இருட்டிவிட்டது. இருட்டினால் கூண்டடிக்கு ஓடுகிற பழக்கதோஷத்தில் அடியை அடி துரத்த, மூச்சுவிடாமல் பாடி முடித்துவிட்டு, பாட்டு போயிற்றோ என்று ராஜவேலின் முகத்தைப் பார்த்தார்.

ராஜவேல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பாட்டு ஒன்னுதுதான் ராபர்ட்டு. இன்னொருவாட்டி பாடு, மெதுவா. யாரும் தொரத்தல."

ராபர்ட் தொண்டையைச் செருமிக்கொண்டார். முதல் அடியிலிருந்து, மெதுவாக ஆரம்பித்தார்.