பொதுக் குசினியில் கேட்ட பாட்டு

இன்று, நாங்கள் இப்போது வாழும் பிக்கரிங்கில் ஒரு ஜேர்மன் பேக்கரிக்குள் போனபோது, புளித்த கறுப்புப் பாணின் வாசனையோடு அந்தப் பாட்டும் கேட்டது. ஜேர்மன் பாடகி ஒருத்தி உருகிப் பாடியது. நான் சிறுமியாக இருந்தபோது ஜேர்மனியில் அதுதான் முதலிடத்தில் இருந்தது.

அப்போது நாங்கள் அங்கே ஓர் அகதி விடுதியில் இருந்தோம். இப்போது அதை இடித்துவிட்டார்களாம். அதன் பொதுக் குசினியில், யாரோ முட்டைக்கோவா அவிக்கும் ஆவியும் எங்கள் தாளிதத்தின் காரமும் கலந்து கண்ணை எரிக்க, ஜன்னலோரத்து வானொலி நாள் முழுக்க அதையே பாடும், அம்மாவும் கறியைத் துழாவியபடி ஒரு சொல் பிசகாமல் கூடப் பாடுவார், நான் மேசைக்கடியில் இருந்து கேட்டுக்கொண்டிருப்பேன்.

பாட்டைக் கைபேசியில் பதிந்து வந்து, வீட்டில் அம்மாவுக்குப் போட்டேன்.

"நிப்பாட்டு பிள்ளை," என்றார்.

"உங்களுக்குப் பிடிச்ச பாட்டெல்லோ அம்மா?"

"ஆர் சொன்னது? ஊரில நான் பள்ளிக்கூட ரீச்சர். அங்க வேலை செய்ய விடேல்லை. விடிஞ்சால் பொழுதுபட்டால் அந்தக் குசினிதான். பாட்டைப் பாடமாக்காமல் வேற என்னத்தைச் செய்யிறது?"

பாட்டை அழித்துவிட்டேன். எரிச்சலாக இருந்தது. அந்த விடுதியைப் பற்றி என்னிடம் இருந்த ஒரேயொரு நல்ல ஞாபகம், அம்மாவுக்குச் சிறையாக இருந்திருக்கிறது.