போர்க்ஹில்ட் வீட்டுத் தோட்டத்தின் குறுக்கே

தனி ஆளாகக் கூரைப் பனியைத் தள்ளி அலுத்துப்போன பிறகுதான் போர்க்ஹில்ட் வீட்டை விற்க வந்தார். ஓஸ்லோ புறநகரில், காட்டை ஒட்டிய தெருவில் இருந்த மர வீடு. கணவர் இறந்துவிட்டார். நகருக்குள் கண்ணாடி அடைத்த பால்கனியோடு ஒரு வீட்டைப் பார்த்து வைத்திருந்தார். அங்கே தக்காளி வளர்க்க ஆசை. இது நல்ல விலைக்குப் போனால்தான் அது கிடைக்கும்.

விற்பனைக்கு வரும் வீடுகளின் விவரத் தாளை எழுதுவது என் வேலை. தரகர் யோவாகிமோடு நானும் போயிருந்தேன். பின்தோட்டத்தின் குறுக்கே பனிச்சறுக்குத் தடம் ஓடி, வேலியில் இருந்த இடைவெளி வழியாகக் காட்டுக்குள் போனது.

"யாரோடது இது?" என்றார் யோவாகிம்.

"தெருக்காரங்களோடது. அவங்களுக்கு வழி உரிமை இருக்கு."

வீடு வாங்கிய முதல் குளிர்காலத்திலேயே அந்தத் தடம் இருந்ததாம். போர்க்ஹில்ட் விதியை மீறாதவர். தோட்டத்தில் நல்ல வெயில் விழும் இடம் அதுதான். அங்கே செடி வளர்க்க ஒரு கண்ணாடிக் கூடம் கட்ட நினைத்து, வழியை மறிக்கக் கூடாதென்று விட்டுவிட்டார். சாலையிலிருந்து ஒதுக்கிய பனி தெருப்பக்கம் குவிந்து தடத்தை அடைத்தால் அவரே வெட்டி விலக்குவார்.

யோவாகிம் நிலப் பதிவைப் பார்த்தார். அப்படி ஓர் உரிமையே இல்லை. "அடைச்சிடுங்க. 'தொந்தரவில்லாத தோட்டம்'னு போட்டா விலை ஏறும்."

அந்தச் சனிக்கிழமை போர்க்ஹில்ட் இடைவெளியில் ஒரு பலகையை அடித்தார்.

ஞாயிற்றுக்கிழமை தெரு முழுக்கச் சறுக்கப் புறப்பட்டது. பலகை வரை வந்தவர்கள் பார்த்தார்கள், திரும்பினார்கள். சறுக்குக் கட்டைகளைத் தோளில் போட்டுக்கொண்டு பெட்ரோல் நிலையத்தைச் சுற்றிக் காட்டுக்கு நடந்தார்கள். அவருடைய சமையலறை ஜன்னலைக் கடக்கும்போது வழக்கம்போலக் கை அசைத்தார்கள். யாரும் கதவைத் தட்டவில்லை.

மறுநாள் தெருமுனைத் தபால் பெட்டிகளருகே எதிர்வீட்டு ஓட்வார் நின்றிருந்தார். நடந்த பேச்சைப் பிறகு போர்க்ஹில்டே எங்களிடம் சொன்னார்.

"முதுகு எப்படி இருக்கு, ஓட்வார்?"

"பெட்ரோல் பங்க் வரைக்கும் கட்டையைச் சுமந்தேன். இப்ப இருபது வயசுப் பையன் மாதிரி இருக்கு."

"ஏன் யாரும் எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல?"

"என்னத்தைக் கேக்கறது? உன் தோட்டம். இத்தனை வருஷம் விட்டதே பெரிசு."

"நானா விட்டேன்? உங்களுக்கு உரிமை இருக்குன்னுல்ல நினைச்சேன்!"

"உரிமையா? முதல் வருஷமே நீதானே மண்வெட்டியோட நின்னு பனியை வெட்டி வழி விட்ட. கிறிஸ்துமஸ் தவறாம எல்லாரும் உனக்குக் கேக் கொண்டுவந்தது பின்ன எதுக்கு?"

"அது உங்க வீட்டுல மிஞ்சினதுன்னு நினைச்சேன்."

"மிஞ்சினதா! என் பொண்டாட்டி கேட்டா உன்னைக் கொன்னுடுவா."

அன்று மாலையே பலகை கழன்றது. மறுநாள் போர்க்ஹில்ட் எங்கள் அலுவலகத்துக்கு வந்து, வழியைத் தெருவின் உரிமையாகவே பதிவு செய்யச் சொன்னார்.

"விலை குறையும். எழுதாம அப்படியே விட்டுடுங்களேன்," என்றார் யோவாகிம்.

"எழுதாம இருந்ததுலதான் என் கண்ணாடிக் கூடமே போச்சு. எழுதுங்க."

பதிவானது. தாளில் 'தொந்தரவில்லாத' என்ற சொல்லை நான் எடுத்துவிட்டு, தோட்டத்தின் குறுக்கே வழி உண்டு என்று சேர்த்தேன். வீடு விற்றது, யோவாகிம் சொன்னதைவிடக் குறைவாக. பால்கனி வீட்டை வேறு யாரோ வாங்கினார்கள். போர்க்ஹில்ட் அதே கட்டடத்தில், பால்கனி இல்லாத ஒன்றை எடுத்தார். தக்காளித் தொட்டிகள் சமையலறை ஜன்னலில் நெருக்கியடித்து நிற்கின்றன.

அடுத்த குளிர்காலத்தில் ஒரு ஞாயிறு, போர்க்ஹில்ட் சறுக்குக் கட்டைகளோடு பேருந்தில் வந்து இறங்கினார். பழைய தோட்டத்தின் ஓரத்தில் ஓட்வார் வழியை மறித்து நின்றார்.

"நில்லு. உரிமை இந்தத் தெரு வீடுகளுக்குத்தான். அதுல உன் பேரு இல்லையே?"

"நான்தானே எழுத வச்சேன்!"

"அதனாலதான் சொல்றேன். எழுதினது எழுதினதுதான்."

போர்க்ஹில்ட் முதுகுப்பையைத் திறந்து கேக் டப்பாவை எடுத்தார்.

"மிஞ்சினதா?" என்று கேட்டுக்கொண்டே ஓட்வார் ஒதுங்கி வழிவிட்டார்.