கொன்ஸ்ரன்ஸ் கொண்டுவந்த லப்ரடோர்

நாய் ஒன்று வேண்டும் என்று கேட்டவர் ஸ்ரனிஸ்லாஸ். அதைத் தேடி அலைந்தது அவருடைய மனைவி கொன்ஸ்ரன்ஸ். அந்த வீட்டில் எந்தக் காரியமும் அப்படித்தான் நடக்கும். கூரை ஒழுகினால் ஆள் பிடிப்பதும், தண்ணீர் நின்றால் போய்ச் சண்டை பிடிப்பதும் அவள்தான். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. கோட்டைப் பகுதியில் ஒரு கப்பல் முகவர் கந்தோரில் தட்டெழுத்து வேலை. துறைமுகத்தில் கிளாக்காக இருந்த ஸ்ரனிஸ்லாஸ் நெஞ்சு வருத்தம் வந்து முன்கூட்டியே ஓய்வு பெற்ற பிறகு, கொட்டாஞ்சேனையின் அந்த ஒடுக்கமான ஒழுங்கையில் அவர்களுடைய அடுப்பு எரிந்தது அவளுடைய சம்பளத்தில்.

தொண்ணூற்றாறாம் ஆண்டு. நகரத்தில் எங்காவது குண்டு வெடித்தால், அடுத்த நாள் ஒழுங்கையில் சோதனை நடக்கும். அப்படியொரு சோதனையில் ஸ்ரனிஸ்லாஸின் அடையாள அட்டையைப் பார்த்த ஆமிக்காரர்கள், பிறந்த இடம் வடக்கே மன்னார் என்று இருந்ததைக் கண்டு அவரை ட்ரக்கில் ஏற்றிக்கொண்டு போனார்கள். சிறுபிள்ளையாக இருக்கும்போதே மன்னாரை விட்டு வந்தவர் அவர். பங்குச் சுவாமியும் கொன்ஸ்ரன்ஸும் ஏறாத படி ஏறி, ஒரு கிழமை கழித்துக் கூட்டிவந்தார்கள். அடித்தார்களா என்று கேட்டாள். இல்லை என்றார். உண்மையாகவும் இருக்கலாம், உடம்பில் ஒரு காயமும் இல்லை. ஆனால் வந்த நாளிலிருந்து ஒழுங்கையில் செருப்புச் சத்தம் கேட்டாலே எழுந்து நின்றுவிடுவார். அவள் குளிக்கப் போனால் குளியலறைக் கதவுக்கு வெளியே வந்து நிற்பார். தனியே விட்டுப் போக வழியில்லை.

கந்தோரில் எடுக்கக்கூடிய லீவெல்லாம் எடுத்தாயிற்று. வருகிற திங்கட்கிழமை வராவிட்டால் வேறு ஆளைப் போடுவதாக மனேஜர் சொல்லிவிட்டார். அதை அவள் ஸ்ரனிஸ்லாஸிடம் சொன்ன அன்றுதான் அவர் நாய் கேட்டார்.

"நல்லாக் குலைக்கிற நாய் ஒண்டு இருந்தாப் போதும் கொன்சி. அவங்க ஒழுங்கைக்குள்ள வர முந்தியே எனக்குத் தெரிஞ்சிரும். தெரிஞ்சா நான் பயமில்லாம இருப்பன். நீ வேலைக்குப் போகலாம்."

இதைக் கேட்டு ஆலோசனை சொல்ல ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். கந்தோரின் தலைமைக் கிளாக் சிவக்கொழுந்து வெள்ளவத்தையிலிருந்து பஸ் ஏறி வந்தார். தெல்லிப்பழையில் தன்னுடைய தகப்பன் நாலு நாய் வளர்த்தவராம். பக்கத்து வீட்டு மேபல் சுவருக்கு மேலால் எட்டிப் பார்த்து, பிறகு உள்ளேயே வந்துவிட்டாள்.

"அல்சேஷன்தான் சரி மிஸிஸ் ஸ்ரனிஸ்லாஸ்," என்றார் சிவக்கொழுந்து. "வேற ஆள் படலையில கை வைச்சால் கை இராது."

"கை வச்சவன்ட மற்றக் கையில துவக்கு இருக்குமே சேர்," என்றாள் மேபல். "நாயையும் சுட்டு, நாய் வளர்த்தவங்களையும் கொண்டுபோவாங்க."

"அப்ப பொமரேனியன்."

"அது காகத்துக்கும் குலைக்கும். இவர் ஒவ்வொரு காகத்துக்கும் எழும்பி நிக்கிறதா?"

"டாஷ்ஹண்ட்? சின்ன உடம்பு, பெரிய குரல்."

"அதின்ட காலைப் பார்த்தா எனக்குப் பாவமாக் கிடக்கு," என்றார் ஸ்ரனிஸ்லாஸ். வந்த பிறகு அவர் சொன்ன முதல் பகிடி அது. கொன்ஸ்ரன்ஸ் சிரிக்கப் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"என்ன நாயெண்டாலும் எடுங்க," என்றாள் மேபல். "பேர் மட்டும் டைகர் எண்டு வச்சிராதீங்க. வாசல்ல நிண்டு கூப்பிட்டா முழு ஒழுங்கையையும் ஏத்திருவாங்க."

கடைசியில் லப்ரடோர் என்று முடிவாயிற்று. கடிக்காது, தேவைக்குக் குரைக்கும், வீட்டு மனிதருடைய மனம் அறியும் என்றார் சிவக்கொழுந்து. கலியாணம் பேசப் போகிறவருக்குச் சொல்வதுபோல, என்னென்ன விசாரிக்கவேண்டும் என்றும் சொல்லி அனுப்பினார். தாய் என்ன சாதி நாய், தகப்பன் என்ன சாதி நாய், ஊசி போட்டதா, ஆரையும் கடிச்சதா, ஏன் குடுக்கினம்.

இரத்மலானையில் ஒரு வீட்டில் வளர்ந்த லப்ரடோர் ஒன்றைக் கொடுக்கப் போகிறார்கள் என்று கந்தோரில் ஒருத்தி சொல்லியிருந்தாள். கொன்ஸ்ரன்ஸ் சனிக்கிழமை போனாள். அந்த வீட்டுச் சிங்களப் பெண்மணி தேநீர் தந்து, மகன் தூரத்துக்கு மாற்றலாகிப் போய்விட்டான், நாயைப் பார்க்க எனக்கு உடம்பில் சத்தில்லை என்றாள். நாயின் பெயர் ரெக்ஸ். வெளிர் மஞ்சள் நிறம், அகன்ற நெற்றி. வந்தவளின் மடியில் தலையை வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தது. கொன்ஸ்ரன்ஸ் எல்லாம் விசாரித்தாள். தாய் தகப்பன் இரண்டும் லப்ரடோர். ஊசி போட்டிருக்கிறது. கடித்ததில்லை. எழும்பும்போது சுவரில் மகனின் படத்தைக் கண்டாள். விமானப்படைச் சீருடையில், பக்கத்தில் ரெக்ஸ் குட்டியாக நின்றது.

அந்த வீட்டுக்குச் சீருடைக்காரர்கள் வந்து போயிருப்பார்கள்; அவர்களைக் கண்டு இந்த நாய் குரைக்காது. அது அவளுக்கு அந்த நிமிடமே விளங்கியது. விளங்கியும் நாயின் சங்கிலியைக் கையில் வாங்கிக்கொண்டாள். இன்னொரு வீடு, இன்னொரு நாய் என்று அலைய அவளுக்குக் காலில் பலம் இல்லை. திங்கட்கிழமை நெருங்கிக்கொண்டிருந்தது. ஓட்டோவில் திரும்பும்போது, ஸ்ரனிஸ்லாஸுக்குப் படத்தைப் பற்றிச் சொல்வதில்லை என்று தீர்மானித்தாள்.

வீட்டில் ரெக்ஸ் யார் சொல்லும் கேட்கவில்லை. "வா" என்றால் வராது. "இரு" என்றால் நிற்கும். மேபல் தன் பங்குக்கு "சிட், சிட்" என்று ஆங்கிலத்தில் அதட்டிப் பார்த்தாள். நாய் அவளை மரியாதையோடு பார்த்துக்கொண்டு நின்றது.

"செவிடோ?" என்றார் ஸ்ரனிஸ்லாஸ்.

அந்த நேரம் பாண்காரன் சைக்கிளில் வந்து நாயைக் கண்டு, "மெஹெ வரென்," இங்கே வா என்று சிங்களத்தில் கூப்பிட்டான். ரெக்ஸ் பாய்ந்து போய் அவன் காலடியில் நின்றது. "வாடி வெயன்" என்றான். அழகாக உட்கார்ந்தது.

மேபல் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஸ்ரனிஸ்லாஸ் சிரிக்கவில்லை. உள்ளே போய்விட்டார். தாய் தகப்பனுடைய சாதி வரை விசாரித்தவள், நாய்க்கு என்ன பாஷை தெரியும் என்று மட்டும் கேட்கவில்லை. கேட்கவேண்டும் என்று சிவக்கொழுந்துக்கும் தோன்றவில்லை. அது சாதாரணப் பிழை இல்லை. துறைமுகத்தில் இத்தனை வருஷம் சிங்களத்திலேயே வேலை செய்த ஸ்ரனிஸ்லாஸ், திரும்பி வந்ததிலிருந்து ஒரு சிங்களச் சொல் பேசவில்லை. பாண் வாங்குவதென்றாலும் விரலை நீட்டிக் காட்டுவார். பிடித்து வைத்திருந்த இடத்தில் அவரிடம் கேள்விகளெல்லாம் கேட்கப்பட்டது அந்த மொழியில்தான்.

பிறகு கொன்ஸ்ரன்ஸ் குசினிக்குள் நின்று, அவருக்குக் கேட்காத குரலில் நாயோடு சிங்களத்தில் பேசினாள். சொந்த வீட்டுக்குள் களவாகப் பேசுவது அவளுக்குக் களைப்பாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தபோது சோதனை வந்தது. இரண்டு சிப்பாய்கள், ஒரு பொலிஸ்காரர். ஒழுங்கை முனையில் பூட்ஸ் சத்தம் கேட்டது. ஸ்ரனிஸ்லாஸ் நாயைப் பார்த்தார். ரெக்ஸ் காதை உயர்த்தியது, குரைக்கவில்லை. கதவை முட்டித் தள்ளிக்கொண்டு வெளியே ஓடியது. வாலை ஆட்டி, உடம்பெல்லாம் ஆட்டி, முன்னால் வந்த இளம் சிப்பாயின் முழங்காலில் தலையைத் தேய்த்தது. காணாமல் போனவன் வீடு திரும்பினால் அப்படித்தான் செய்யும்போலிருந்தது. அந்தச் சிப்பாய் குந்தி அதன் கழுத்தைத் தடவினான். அவனும் ஒரு பிள்ளைதான் என்று கொன்ஸ்ரன்ஸுக்குத் தோன்றியது. நாய் அவனை விட்டு மற்றவன் மேல் பாய, அவன் பின்னுக்குத் தள்ளாடித் துவக்கை நாயின் பக்கம் திருப்பி, நாயைப் பிடியுங்கள் என்று கத்தினான்.

கொன்ஸ்ரன்ஸ் கூப்பிட வாயைத் திறந்தாள். அதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"ரெக்ஸ். மெஹெ வரென்."

வாசற்படியில் ஸ்ரனிஸ்லாஸ் நின்றார். சத்தம் பெரிதில்லை. துறைமுகத்தில் சாமான் இறக்குகிறவர்களோடு பேசிப் பழகிய, திருத்தமான சிங்களம். நாய் திரும்பி வந்து அவர் காலருகே உட்கார்ந்தது. பொலிஸ்காரர் அட்டையைக் கேட்டார். வாங்கிப் பார்த்தார். பிறந்த இடத்தில் கண் நின்றது. நாய் உங்களுடையதா என்று கேட்டார். "ஓவ்," என்றார் ஸ்ரனிஸ்லாஸ். அட்டை திரும்பி வந்தது. அவர்கள் மேபல் வீட்டுக்குப் போனார்கள்.

ஸ்ரனிஸ்லாஸ் பின்பக்கம் போய்க் குழாயடியில் வாயைக் கொப்பளித்தார். திரும்பத் திரும்பக் கொப்பளித்தார். கொன்ஸ்ரன்ஸ் துவாயோடு போய் நின்றாள்.

"எங்கயிருந்து கொண்டு வந்தனி இதை?"

சொன்னாள். படத்தைப் பற்றியும் சொன்னாள்.

"நான் குலைக்கிற நாய்தானே கேட்டனான்."

"குலைச்சிருந்தா சுட்டிருப்பான்."

"சுட்டிருப்பான்தான்," என்றார் அவர். "ஆனா நான் கேட்டது அது."

அவர் கேட்ட நாயை அவள் தேடவில்லை. தான் வேலைக்குப் போவதற்கு ஏற்ற நாயைத் தேடியிருக்கிறாள். யாருக்காக இந்த வேலை, யாருக்காக இந்தச் சம்பளம் என்று தனக்குள் வழக்காடிப் பார்த்தாள். பாதியில் அலுத்துப் போயிற்று.

"நாளைக்கு நான் போகேல்ல," என்றாள். "இதைத் திருப்பிக் குடுத்திட்டு வாறன். வேலை போனாப் போகுது."

அவர் துவாயால் முகத்தைத் துடைத்தார்.

"வேலையை விட்டிட்டு என்ன செய்யப் போறாய்? என்னைப் பார்த்துக்கொண்டு இருக்கப் போறியா? நீ பார்த்துக்கொண்டு இருக்கிறதும் எனக்குப் பயம்தான் கொன்சி. நீ போ. நாய் நிக்கட்டும்."

"அதுக்குத் தமிழ் தெரியாதே."

"அதுக்குத் தெரியாது. எனக்கு அதின்ட பாஷை தெரியும்தானே. அதோட மட்டும் கதைக்கிறன். வேற ஒருத்தரோடயும் கதைக்கச் சொல்லாதே."

திங்கட்கிழமை காலை கொன்ஸ்ரன்ஸ் சேலையை உடுத்து, அவருக்குச் சோறும் பருப்பும் மூடி வைத்துவிட்டு வெளிக்கிட்டாள். மேபல் வாசலில் நின்று, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று தலையாட்டினாள். கதவைச் சாத்தி இரண்டு வீடு தாண்டுவதற்குள் உள்ளே பாத்திரம் ஒன்று உருளும் சத்தம் கேட்டது. நாய் தண்ணீரைத் தட்டிக் கொட்டியிருக்கவேண்டும். அடுத்து ஸ்ரனிஸ்லாஸின் குரல், சிங்களத்தில், அதை ஏசியது. கோபமாகத்தான் இருந்தது. அதற்குள்ளே வேறு எதுவும் இருந்ததா என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. நின்று கேட்டால் திரும்பிப் போய்விடுவோம் என்று பயந்து, பஸ்ஸைப் பிடிக்க விரைந்து நடந்தாள்.