ஜூரி அறையில் இரண்டு பூப்பொட்டலங்கள்

செங்கல்பட்டு செஷன்ஸ் கோர்ட்டில் என்னை ஜூரியாக உட்கார வைத்தது ஐம்பதுகளின் நடுவில், வெயில் ஏறிய ஒரு பங்குனியில். கருங்குழியில் கொஞ்சம் நிலமும் ஒரு மச்சு வீடும் வைத்திருந்ததுதான் நான் செய்த குற்றம்; சொத்து உள்ளவனைத்தான் ஜூரிக்குக் கூப்பிடுவார்கள். படிப்பு எட்டாவதோடு சரி. பகவானைக் கேட்காமல் ஒரு காரியத்தில் கால் வைத்தவனில்லை.

பண்ணையார் ஒருவர் வீட்டில் கன்னம் வைத்து நகை எடுத்த வழக்கு. கூண்டில் நின்றவன் அவரிடமே ஏர் ஓட்டி, சண்டை போட்டு விலகியவன். நகை கிடைக்கவில்லை. இருட்டில் ஓடியவனின் குரல் இவன் குரல்தான் என்று பண்ணையாரின் மைத்துனர் சொன்னார். சாட்சி அவ்வளவுதான்.

அவன் குற்றவாளியா இல்லையா என்று பேசி முடிவு சொல்ல, ஜூரிகள் எங்கள் ஐந்து பேரையும் ஜட்ஜு ஓர் அறைக்கு அனுப்பினார். டவாலி கதவைச் சாத்திவிட்டு வெளியே முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். ஒதுங்கப் போவதானாலும் அவர் கூட வருவார்.

இரண்டு பேர் திருடன் என்றார்கள். இரண்டு பேர் இல்லை என்றார்கள். மிச்சம் நான். ஜன்னல் கம்பி வழியாக, வேப்பமரத்தடியில் அவன் மனைவி குத்துக்காலிட்டு உட்கார்ந்திருப்பது தெரிந்தது. செய்யாதவனை ஜெயிலுக்கு அனுப்பினால் அந்தப் பாவம் என் பிள்ளைகளைச் சுற்றும். செய்தவனை விட்டால் சத்தியம் செய்த வாய் பொய்த்துவிடும். கதவு திறந்திருந்தால் ஓடியே போயிருப்பேன்.

“இன்னா சாமி, வாயில கொழுக்கட்டையா? சொல்லித் தொலைங்க, பசிக்குது” என்றார் எங்களுக்குத் தலைவரான பஸ் முதலாளி.

“அவரை ஏன்யா விரட்டுற?” என்றார் அச்சரப்பாக்கத்து அரிசி மண்டிக்காரர். அவர் சரித்திரத்தில் பி.ஏ. “நம்மள இங்க அடைச்சது யாரு தெரியுமா? நார்மன்காரன். தொள்ளாயிரம் வருசத்துக்கு முன்னாடி பிரான்ஸ் பக்கத்துலேர்ந்து கடல் தாண்டி வந்து இங்கிலீஷ்காரனைக் கட்டி ஆண்டவன். ஊர் ஊரா ஆளுங்கள இட்டாந்து சத்தியம் வாங்கி, இது யாரு நெலம், யாரு மாடுன்னு கேட்டான். அதுல மொளைச்சதுதான் இந்த ஜூரி.”

“அப்போ வெள்ளைக்காரனும் ஒருத்தன் எதிர்ல கை கட்டி நின்னவன்தானா? நல்லா வேணும்! அதுக்கு நாம இன்னாத்துக்கு உக்காந்து வேர்த்துகினு கீறோம்?”

சொல்லிக்கொண்டே பஸ் முதலாளி எழுந்தார். சுவரிலிருந்த பிள்ளையார் படத்து அரளி மாலையில் ஒரு வெள்ளைப் பூவும் ஒரு சிவப்புப் பூவும் கிள்ளி, பேப்பரில் தனித்தனியாக மடித்து, குலுக்கி, படத்துக்குக் கீழே போட்டார். “வெள்ளைன்னா விடுதலை. நீங்க பக்திமான். கண்ண மூடிகினு எடுங்க.”

என் மகளுக்கு வரன் பார்த்தபோதும் பூப்போட்டுத்தான் முடிவு செய்தேன். கை தானாக நீண்டது. எவ்வளவு நிம்மதி! பாவமோ புண்ணியமோ, இனி பிள்ளையாருடையது.

“இங்கிலீஷ்காரனும் இப்படித்தான் சாமி மேல போட்டான்” என்று மண்டிக்காரர் சிரித்தார். “பழுக்கக் காய்ச்சின இரும்ப, புடிபட்டவன் கையில குடுப்பான். புண்ணு ஆறுனா நல்லவன், சீழ் வெச்சா திருடன். நார்மன்காரன் வந்தும் ரொம்ப நாள் அது ஓடிச்சு. கடைசில பாதிரிங்களே, இது சாமியச் சோதிக்கிற வேலை, எங்களால ஆவாதுன்னுட்டாங்க. அப்புறந்தான் தீர்ப்பு மனுசன் வாய்க்கு வந்துது.”

அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. நான் பூவை எடுக்கப் போனது சாமியை நம்பியா, அல்லது என் சுமையை அவர் தலையில் தள்ளிவிட்டு வீட்டுக்குப் போகவா? மகள் கல்யாணத்தில் கண்ணுக்குத் தெரியாததைச் சாமியிடம் கேட்டேன். இங்கே சாட்சி சொன்னதை என் காதாலேயே கேட்டிருந்தேன்.

கையை இழுத்துக்கொண்டேன். “ஓடுறவன் குரலை வெச்சு ஒருத்தனை உள்ள தள்ள என்னால ஆவாது. அவனை உட்டுடுங்க.”

“அவன் திருடியிருந்தா?” என்றார் பஸ் முதலாளி.

“அந்தப் பாவம் எனக்கு இருக்கட்டும்.”

அவர் பொட்டலங்களைப் பிரிக்காமல் ஜன்னலுக்கு வெளியே எறிந்தார்.

கோர்ட்டில் ஜட்ஜு ஏதோ இங்கிலீஷில் சொன்னார். கூண்டில் இருந்தவனுக்குப் புரியவில்லை. கம்பியைப் பிடித்தபடி நின்றான்.

“இன்னாயா முழிக்கிற? உன்னை உட்டாச்சு. எறங்கு” என்றார் டவாலி.

அவன் இறங்கவில்லை. எங்கள் ஐந்து பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தான். என் முறை வந்தபோது நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவன் செய்தானா இல்லையா என்பது எனக்கு இன்றும் தெரியாது.