தோளோடு தைத்த துண்டு

என் வீட்டுக்காரர் கோயமுத்தூரில் மரம் அறுக்கும் மில்லில் சேர்ந்த புதிதில், கரண்டில் சுற்றும் ரம்பத்தை ஒருநாள் வாசலில் நின்று பார்த்தேன். வட்டமாக, பெரிய தாம்பாளம் அளவுக்கு இருந்தது. சுற்ற ஆரம்பித்ததும் பல்லே தெரியவில்லை. அந்தப் பல் தெரியாததுதான் எனக்குப் பயம்.

பாதுகாப்புக்கென்று மில்லில் யாரும் எதையும் கொடுக்கவில்லை. முதலாளிக்கு ரம்பத்துக்கு எண்ணெய் போடத் தெரியும். அதன் பக்கத்தில் நிற்கிற ஆளுக்கு என்ன போடுவது என்று தெரியாது. ஆகவே நானே கடைவீதிக்குப் போனேன். மரத்தூள் கண்ணில் விழாமலிருக்க, மோட்டார் ஓட்டுகிறவர்கள் போடும் கண்ணாடி வாங்கினேன். தெறிக்கிற சிராய் வயிற்றில் குத்தாமலிருக்க, செருப்புத் தைப்பவரிடம் சொல்லி, மார்பிலிருந்து முழங்கால்வரை மறைக்கும் கெட்டித் தோல் ஒன்று செய்வித்தேன். வேட்டி சிக்குமே என்று அரை நிஜார். கை இறுக்கமான சட்டையை நானே தைத்தேன். எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு நின்றவர், “கூத்துக்குப் போறவனாட்ட இருக்குது, அம்மணி” என்றார். ஆனாலும் போட்டுக்கொண்டார்.

தோளில் கிடந்த துண்டை மட்டும் எடுக்க மாட்டேன் என்றுவிட்டார்.

தாராபுரத்துப் பக்கம் எங்கள் ஊரில், நிலக்காரப் பண்ணாடி எதிரே வந்தால், காட்டுவேலை செய்யும் எங்கள் ஆட்கள் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்ட வேண்டும். என் வீட்டுக்காரரும் அவர் அப்பாவும் அப்படிக் கட்டினவர்கள்தான். டவுனுக்கு வந்த பிறகுதான் துண்டு தோளிலேயே தங்கியது. அது எனக்கும் தெரியும். அதனால்தான் துண்டை எடுங்கள் என்று வற்புறுத்த முடியாமல் திண்டாடினேன்.

ஒருநாள் பாதித் துண்டோடு வந்தார். மரத்தைத் தள்ளக் குனிந்தபோது தொங்கிய முனையை ரம்பம் இழுத்துக்கொண்டதாம். துணி கிழிந்ததால் கழுத்து தப்பியது. நான் காட்டுக் கத்தலாகக் கத்தினேன்.

“ஏனுங்க, துண்டு பெருசுங்களா, தலை பெருசுங்களா? உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நானும் புள்ளைகளும் எங்கீங்க போறது?”

மறுநாள் வேறொரு துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு போனார். எனக்கு நிம்மதியாக இருந்தது. சாயங்காலம் வந்தவர் சோற்றைத் தொடவில்லை. கேட்டுக் கேட்டு நான் அலுத்த பிறகுதான் சொன்னார்.

“மொதலாளி வந்தாரு. அவருந்தான் பண்ணாடி ஊட்டுல பொறந்தவராச்சே. இடுப்புத் துண்டப் பாத்துபோட்டு, ‘மரியாதை தெரிஞ்ச ஆளு’ன்னு மேஸ்திரிகிட்டச் சொல்றாரு. ரம்பத்துக்குப் பயந்து கட்டுனதுன்னு நான் எப்படிச் சொல்றது?”

விடிந்ததும் துண்டு மறுபடி தோளில் ஏறியது. முதலாளி மேல் எனக்கு வந்த ஆத்திரத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? சட்டையைப் பிடுங்கி வாங்கினேன். துண்டைக் குறுக்கி மடித்து, சட்டைத் தோளின் மேல் படிய வைத்து, சுற்றிலும் தைத்தேன். இழுத்துப் பார்த்தேன். ரம்பம் பிடிக்க ஒரு நூல்கூட வெளியே தொங்கவில்லை. அவர் தடவிப் பார்த்துவிட்டு, போட்டுக்கொண்டு கிளம்பினார்.

அன்று முழுக்க எனக்கு எந்த வேலையும் ஓடவில்லை. சாயங்காலம் அவர் தலை தெரிந்ததும் தெருமுனைக்கே போய்விட்டேன். கை, கால், கழுத்து எல்லாம் சரியாக இருந்தன. முகம்தான் சரியாக இல்லை.

“மறுபடி மொதலாளி ஏதாச்சும் சொன்னாருங்களா?”

“அவரு ஒண்ணுஞ் சொல்லல, கண்ணு. சும்மா அந்தப் பக்கம் வந்தாரு. என்ற கை தானா மேல போயி துண்டப் புடிச்சு இழுத்துபோட்டுது. துண்டு வரல.”

வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே நடந்தார். வீட்டுக்குள் வந்ததும் சட்டையைக் கழற்றி என்னிடம் நீட்டினார்.

“ஒரு பக்கம் தையலு விட்டுப்போச்சு. இன்னுங் கொஞ்சம் கெட்டியாப் போடு.”