இரண்டு குயவர் கூட்டம்

தொல்லியலில் என் வேலை தோண்டுவதல்ல. தோண்டி எடுத்ததைக் கணினியில் எண்களாக்கிப் பார்ப்பது. சமயநல்லூர்ப் பக்கம் கிடைத்த பானை ஓடுகளின் விளிம்பு அளவுகளைப் போட்டுப் பார்த்தபோது, திரையில் புள்ளிகள் இரண்டு குவியலாகப் பிரிந்து நின்றன. ஒரே ஊரில் இரண்டு குயவர் கூட்டம் இருந்திருக்கிறது என்று எழுதிக் கருத்தரங்குக்கும் அனுப்பிவிட்டேன்.

கருத்தரங்குக்கு நான்கு நாள் இருக்கையில், சும்மா ஒரு சரிபார்ப்புக்காக, யார் அளந்தது என்று புள்ளிகளுக்கு நிறம் கொடுத்தேன். ஒரு குவியல் முழுக்க நான் அளந்தவை. மற்றது முழுக்க, ஓடுகளை அளந்து படம் வரையும் எங்கள் வரைவாளர் அளந்தவை. ஓடுகளைக் கலந்துதான் பங்கிட்டிருந்தோம். அப்படியானால் பிரிந்து நின்றது பானைகளல்ல, அளந்த நாங்கள்தான்.

அவர் ஓய்வுபெறும் வயதில் இருந்தவர், ஒரு கோடு பிசகாதவர். அவரிடம் எப்படிக் கேட்பது? மறுநாள் நாகமலை புதுக்கோட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கியும், ஆபீசுக்குள் போகாமல் டீக்கடை முன்னால் நின்றுகொண்டிருந்தேன்.

கடைசியில் உள்ளே போய்க் கேட்டேவிட்டேன். அவர் கோபப்படவில்லை. விளிம்பைப் பொருத்திப் பார்க்கும் தாளை மேசையில் விரித்தார். ஒன்றுக்குள் ஒன்றாக வட்டங்கள். ஒவ்வொன்றிலும் அதன் அளவு எழுதியிருக்கும்; ஓட்டின் வளைவு எந்த வட்டத்தோடு பொருந்துகிறதோ, அதுதான் பானை வாயின் அகலம்.

"இதுல வச்சுத்தாம்மா பார்த்தேன். நீங்க குடுத்த தாளுதானே?"

ஸ்கேலை வைத்தேன். இருபது சென்டிமீட்டர் என்று போட்ட வட்டம் பத்தொன்பதுகூட இல்லை. என் தாளை ஜெராக்ஸ் எடுத்து அவருக்குக் கொடுத்தது நானேதான். மெஷின் சுருக்கியிருக்கிறது. அளந்து பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை.

"இம்புட்டுதானா? கணக்கத் திருத்திரலாம்ல?" என்றார்.

"திருத்துனா ரெண்டு கூட்டமே இருக்காதுண்ணே."

அவர் அலமாரியிலிருந்து பெட்டிகளை இறக்க ஆரம்பித்தார். "போய்க் கருத்தரங்குக்காரங்களுக்குப் போனைப் போட்டுச் சொல்லிட்டு வாங்க. நான் அளந்துக்கிட்டு இருக்கேன்."

நிகழ்ச்சி நிரல் அச்சாகிவிட்டது என்றார் ஒருங்கிணைப்பாளர். பிறகு, "அப்ப நடந்ததையே வந்து பேசுங்க" என்றார்.

மிச்சமிருந்த மூன்று நாளும் என் தாளிலேயே மறுபடி அளந்தோம். ஒரே குவியல்தான் வந்தது.

மேடையில் அதைச் சொன்னபோது முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். இறங்கி வருகையில் சேலை முதுகோடு ஒட்டியிருந்தது. டீ குடிக்கும்போது வேறு பல்கலைக்கழகத்துப் பேராசிரியை ஒருவர் என்னை ஓரமாக அழைத்தார். முகம் வெளிறியிருந்தது.

"எங்க தாளும் ஜெராக்ஸ்தாங்க" என்றார்.